பல்லுக்கு ஒரு கல்லூரி கட்டியவர்!

குட்டீஸ்! காயல்பட்டினம் கடற்கரை, ஒரு காலத்தில் முத்துக்குளிப்புக்குப் பெயர் பெற்றது. கடலில் மூழ்கி, சிப்பிக்குள் முத்து தேடினர். உங்கள் வாய்க்குள்ளும் அப்படிச் சில சிப்பிகள் உண்டு. அவைதான் பால்பற்கள்!

விழுந்த பால்பல்லை, சாணியில் உருட்டி கூரை மேல் எறிவது நம் ஊர் வழக்கம். அந்தப் பல்லின் உள்ளே இருக்கும் மென்மையான சதையில், 'ஸ்டெம் செல்' எனப்படும் குருத்தணுக்கள் இருப்பதை, 2003ல் அமெரிக்காவில் விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். எலியின் உடலில் வைத்தபோது, அவை புதிய எலும்பு வளரத் தூண்டின. சேதமடைந்த எலும்பைச் சரிசெய்ய அவை உதவுமா என்று ஆய்வுகள் நடக்கின்றன. வழக்கமான சிகிச்சையாக இன்னும் வரவில்லை.

பல்லுக்குள் இத்தனை அதிசயமா? அதை அறிய, பல் மருத்துவம் படித்தவர்கள் வேண்டுமே! நம் நாட்டில் அதற்கு வழி திறந்தவர், டாக்டர் ரபியுதீன் அகமது.

இவர் 1890, டிசம்பர் 24ல், அன்றைய வங்காளத்தில் பிறந்தார். அலிகாரில் படித்து, அமெரிக்கா சென்றார். அயோவா பல்கலைக்கழகத்தில், 1915ல் பல் மருத்துவப் பட்டம் பெற்றார். பாஸ்டன் நகரில், குழந்தைகளுக்கான பல் மருத்துவமனையில் பணியாற்றினார்.

அங்கேயே வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால், 1919ல் தாய்நாடு திரும்பினார். அப்போது இந்தியாவில் பல் மருத்துவக் கல்லூரி ஒன்று கூட இல்லை!

கல்லூரி தொடங்கப் பணம்? கோல்கட்டாவில், 'நியூயார்க் சோடா பவுண்டன்' என்ற குளிர்பானக் கடை வைத்தார். அதில் வந்த வருமானத்தைப் போட்டு, 1920ல் கல்லூரியைத் தொடங்கினார். இனிப்பு பானம் பல்லுக்குப் பகை. அந்தக் காசே பல்லைக் காக்கும் படிப்பை வளர்த்தது, வேடிக்கைதானே!

அதோடு நிற்கவில்லை அவர். 1925ல் பல் மருத்துவ இதழ் தொடங்கினார். 1928ல் மாணவர்களுக்குப் பாடநூல் எழுதினார். முறையாகப் படித்தவர்களே பல் மருத்துவம் பார்க்க வேண்டும் என்பதற்காக, 1939ல் வங்காளத்தில் சட்டம் வரவும் பாடுபட்டார்.

பாடுபட்டு வளர்த்த கல்லூரியை, 1949ல் அரசுக்கே கொடுத்து விட்டார்! மேற்கு வங்க அமைச்சராகவும் இருந்தார். 1964ல் பத்மபூஷண் விருது பெற்றார், 1965ல் மறைந்தார். அந்தக் கல்லூரி இன்றும் அவர் பெயரிலேயே இயங்குகிறது.

விழப்போகும் பல்தானே என்று பால்பல்லை அலட்சியம் செய்யாதீர்கள், குட்டீஸ். காலையும், இரவும் பல் துலக்குங்கள். சின்னப் பல்லுக்காக ஒருவர் தன் வாழ்நாளையே கொடுத்திருக்கிறார். நீங்கள் நான்கு நிமிடம் கொடுக்கக் கூடாதா?