கைகாட்டி மரம் வைத்த டைக்ஸ்ட்ரா

நீங்க ப்ராஜெக்ட் டேட்டாவை எக்ஸ்போர்ட் பண்றீங்க. அதே நேரம் உங்க டீம்மேட்டும் அதே ப்ராஜெக்ட்டுக்கு எக்ஸ்போர்ட் கொடுக்கிறார். டேட்டாபேஸ் லாக் ஆகியிருக்குன்னு எரர் வரும்; இல்லைன்னா ரெண்டுமே அப்படியே நின்னுடும். சாஃப்ட்வேரைத் திட்டுறதுக்கு முன்னாடி, இதை அறுபது வருஷம் முன்னாடியே யோசிச்ச ஒருத்தரைத் தெரிஞ்சுக்கோங்க.

எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. ஷார்ட்டஸ்ட் பாத் அல்காரிதம் வழியா நமக்கு அறிமுகமான பேர். 1930-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் பிறந்தார். அப்பா வேதியியலாளர், அம்மா கணிதம் படித்தவர். லைடன் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே, 1952-ல் ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் புரோகிராமர் ஆனார். 1957-ல் கல்யாணப் பதிவில் தொழில் புரோகிராமர் என்று சொன்னார். அப்படி ஒரு தொழிலே கிடையாதுன்னு அதிகாரிகள் ஏத்துக்கல. கடைசியில் இயற்பியலாளர் என்றுதான் பதிவானது!

பிறகு ஐந்தோவன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். பல வேலைகள் ஒரே கம்ப்யூட்டரில் ஓடும்போது ஒன்றோடொன்று மோதக் கூடாது. அதுதான் அவர் கவலை. ரயில்வேயைப் பார்த்து யோசித்தார். ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு ரயில் நுழைந்ததும் கைகாட்டி மற்றதை வெளியே நிறுத்தும். அதுதான் செமஃபோர். இன்னிக்கு ஓஎஸ் பேப்பர்ல நாம படிக்கிறது.

ஆனா பூட்டு மட்டும் போதாது. 1965-ல் மாணவர்களுக்கு ஒரு தேர்வுக் கேள்வி வைத்தார்: சில கம்ப்யூட்டர்கள் டேப் டிரைவ்களுக்குப் போட்டி போடுகின்றன, என்ன செய்வது? பின்னாளில் டோனி ஹோர் அதைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்த தத்துவவாதிகளின் கதையாக மாற்றினார்.

நம்ம எக்ஸ்போர்ட்டுக்கே வாங்க. முதல் எக்ஸ்போர்ட் டேட்டாபேஸைப் பூட்டிட்டு, அவுட்புட் ஃபைலுக்குக் காத்திருக்கு. ரெண்டாவது அவுட்புட் ஃபைலைப் பூட்டிட்டு, டேட்டாபேஸுக்குக் காத்திருக்கு. ரெண்டும் விடாது. இதுதான் டெட்லாக். டைக்ஸ்ட்ரா காட்டிய வழி ரொம்ப எளிது: பூட்டுகளுக்கு நம்பர் கொடுங்க, எல்லாரும் அதே வரிசையில் எடுக்கட்டும். முதல்ல டேட்டாபேஸ், அப்புறம் ஃபைல். அப்போ வட்டமாகக் காத்திருக்க வாய்ப்பே இல்லை. ஒருத்தர் முடிச்சதும் அடுத்தவர்.

1972-ல் டூரிங் விருது. 1984-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஃபவுண்டன் பேனாவால் எழுதிய குறிப்புகளை நகலெடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார். மொத்தம் 1,300-க்கு மேல். 2002 ஆகஸ்ட் 6-ல் நெதர்லாந்தில் காலமானார்.

அடுத்த ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி நாலு பேரும் சேர்ந்து எக்ஸ்போர்ட் கொடுக்கப் போறீங்களா? ஆளுக்கு ஒரு அவுட்புட் ஃபோல்டர் வைங்க. முடிஞ்சா ப்ராஜெக்ட்டை மூடிட்டு ஒரு காப்பி எடுத்து, அதிலிருந்து எக்ஸ்போர்ட் பண்ணுங்க. நீங்களே ஸ்கிரிப்ட் எழுதினா, லாக் எடுக்கிற வரிசையை முதல்ல பேப்பர்ல எழுதிட்டு, அப்புறம் கீபோர்டைத் தொடுங்க. டைக்ஸ்ட்ராவும் அப்படித்தான் வேலை செய்தார்.