வீர மார்த்தாண்டர் சாமுண்டராயர்

கொல்லாமையையே தலையாய அறமாகக் கொண்ட நம் சமயத்தில், வாளேந்திப் போர்க்களப் பட்டங்கள் பல பெற்ற ஒரு படைத்தலைவரை நாம் போற்றுவது எவ்வாறு பொருந்தும்? நம் இல்லத்துப் பிள்ளைகள் இவ்வினாவை எழுப்பினால், அவர்களுக்குச் சொல்லத்தக்கது சாமுண்டராயரின் வரலாறே ஆகும்.

பத்தாம் நூற்றாண்டில் கங்க நாட்டை ஆண்ட மாரசிம்மனுக்கும், பின்னர் இராசமல்லனுக்கும் இவர் அமைச்சராகவும் சேனாபதியாகவும் விளங்கினார். கேடகப் போரில் வஜ்ஜலனை வென்றமையால் சமர துரந்தரர் என்றும், கோனூர்க் களத்தில் நுளம்பரை எதிர்த்துக் காட்டிய வீரத்தால் வீர மார்த்தாண்டர் என்றும், உச்சங்கிக் கோட்டைப் போரால் இரணரங்க சிங்கர் என்றும் பட்டங்கள் பெற்றார்.

மாரசிம்மன் 974ஆம் ஆண்டளவில் அரசு துறந்து, பங்காபுரத்தில் அஜிதசேன ஆசாரியரின் திருவடியில் சல்லேகனை நோற்று உயிர் நீத்தான். நாட்டில் குழப்பம் மூண்டது. படைவலிமை தம்மிடம் இருந்தும் சாமுண்டராயர் அரியணையைத் தமக்கென நாடவில்லை. கலகத்தை அடக்கி, கங்க குலத்து இராசமல்லனையே அரசனாக்கினார்.

முனிவர்க்குரிய மகாவிரதம் வேறு, இல்லறத்தார்க்குரிய அணுவிரதம் வேறு என்பதை நாம் அறிவோம். வேண்டுமென்றே ஓர் உயிரைக் கொல்லுதலை இல்லறத்தான் முற்றிலும் விலக்க வேண்டும். நாட்டையும் மக்களையும் காக்கும் பொருட்டுப் பகைவரை எதிர்க்கும்போது நேரும் இம்சை அவனுக்கு முற்றும் விலக்கப்படவில்லை. எனினும் அதுவும் வினையே, பெருமைக்குரியதன்று. இதனைச் சாமுண்டராயர் நன்கு உணர்ந்திருந்தார் என்பதை அவருடைய பிற்கால வாழ்வே காட்டுகின்றது.

போர்ப் பட்டங்களோடு அவர் பெற்ற வேறு பட்டங்களும் உண்டு. விளையாட்டிற்கும் பொய் கூறாமையால் சத்திய யுதிஷ்டிரர் எனப்பட்டார். நற்காட்சியில் நிலைத்து நின்றமையால் சம்யக்துவ இரத்தினாகரர் எனப்பட்டார். அறுபத்துமூன்று மகாபுருஷர்களின் வரலாற்றைக் கன்னட உரைநடையில் 978இல் எழுதி முடித்தார். அவர் பொருட்டே நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்திகள் கோம்மடசாரம் என்னும் சித்தாந்த நூலை இயற்றியருளினார்.

அவர் செயல்களுள் தலைசிறந்தது சிரவணபெளகொளாவின் விந்தியகிரியில் ஒரே கல்லில், ஏறத்தாழ 57 அடி உயரத்தில், பகவான் பாகுபலியின் திருவுருவை அமைத்ததாகும். தம் அன்னை காளலதேவியின் விருப்பத்தை நிறைவேற்றவே இதனைச் செய்தார் என்பது மரபு. பாகுபலி யார்? அண்ணன் பரதனைப் போட்டியில் வென்ற அக்கணத்திலேயே வெற்றியையும் நாட்டையும் துறந்து தவம் மேற்கொண்டவர். வெற்றிகள் பல கண்ட சேனாபதி, வெற்றியைத் துறந்தவரையே வழிபடத் தேர்ந்தெடுத்தார் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதல் அபிடேகத்தின்போது அவர் குடங்குடமாகச் சொரிந்த பால் திருவுருவின் திருவடி வரை வழியவில்லையாம். ஏழை மூதாட்டி ஒருத்தி சிறு காய்க்கூட்டில் கொணர்ந்த பாலோ மேனி முழுதும் நனைத்துப் பெருகியதாம். அக்கணமே தம் உள்ளத்துச் செருக்கு அழிந்தது என்று அவர் உணர்ந்ததாக வழிவழியாகக் கூறுவர். அம்மூதாட்டியின் உருவம் இன்றும் பாகுபலியின் எதிரில் நிற்கின்றது. களத்தில் வெல்ல இயலாத உட்பகையை அவர் வென்ற இடம் அதுவே.

திருவடியின் அருகில் இச்சிலையைச் செய்வித்தவர் சாமுண்டராயர் என்னும் செய்தி கன்னடத்தோடு நம் தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளது. போர்ப் பட்டம் ஒன்றும் அவ்வரியில் இல்லை. பெயர் மட்டுமே உள்ளது. 1981இல் அத்திருவுருவின் ஆயிரமாவது ஆண்டு விழா பெருஞ்சிறப்புடன் நடைபெற்றது. அவர் வென்ற கோட்டைகளின் பெயர்களை இன்று அறிந்தோர் சிலரே.

அடுத்த முறை விந்தியகிரிப் படிகளில் ஏறும்போது, பிள்ளைகளுக்கு அத்தமிழ் வரியைக் காட்டி இவ்வரலாற்றைச் சொல்லுங்கள். பகைவரை வெல்லுதல் வீரம். தன்னை வெல்லுதல் அதனினும் பெரிய வீரம் என்பதை அவர்கள் உணர்வார்களாக.