கவிஞர் மகள் போட்ட கணக்கு!

ஆங்கிலக் கவிஞர் பைரன் பிரபுவின் மகள் அடா. 1815-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி லண்டனில் பிறந்தார்.

பிறந்து ஐந்தே வாரத்தில், தாய் அன்னபெல்லா குழந்தையுடன் கணவரைப் பிரிந்தார். பைரன் நாட்டை விட்டே போனார். மகளை அவர் மீண்டும் பார்க்கவில்லை.

தந்தையின் குணம் மகளுக்கு வந்துவிடக்கூடாது என்று தாய் அஞ்சினார். அதனால் மகளுக்குக் கணிதம் கற்பித்தார்.

களஞ்சியமும் ஆலையும்

1833-ல், 17 வயதில், கணித மேதை சார்லஸ் பாபேஜை அடா சந்தித்தார். பாபேஜ் பிறகு ஓர் அதிசய எந்திரத்துக்குத் திட்டம் தீட்டினார்.

அதில் எண்களை வைக்க ஒரு களஞ்சியம். கணக்குப் போட ஓர் ஆலை. நெல் ஆலைக்குப் போய் அரிசியாகத் திரும்புவது போல, எண்கள் ஆலைக்குப் போகும். விடை களஞ்சியத்துக்குத் திரும்பும்.

இதுபற்றி இத்தாலியரான மெனப்ரியா பிரெஞ்சில் எழுதிய கட்டுரையை அடா மொழிபெயர்த்தார். மூலத்தைப் போல் மூன்று மடங்கு நீளமான குறிப்புகளையும் சேர்த்து 1843-ல் வெளியிட்டார். அப்போது அவர் மூன்று குழந்தைகளின் தாய்!

விடைக்கு ஓர் இடம்

அதில் ஒரு பெரிய அட்டவணை இருந்தது. மொத்தம் 25 படிகள். ஒவ்வொரு படிக்கும் எந்த எண்களை எடுப்பது என்பதோடு, விடையை எந்த இடத்தில் வைப்பது என்பதும் குறிக்கப்பட்டிருந்தது.

முதல் படியில் 2-ஐ 4-ஆல் பெருக்கினால் விடை 8. அதை 4, 5, 6-ம் இடங்கள் மூன்றிலும் வைக்கவேண்டும். ஏன்? அடுத்த படியில் 4-ம் இடத்து எட்டு, ஏழாகிவிடும். அதற்கடுத்த படியில் 5-ம் இடத்து எட்டு, ஒன்பதாகிவிடும். 6-ம் இடத்து எட்டு மட்டும் பின்னால் உதவக் காத்திருக்கும்!

இன்று கம்ப்யூட்டர் மொழி கற்கும் மாணவருக்கும் இதுவே ஆரம்பப் பாடம். ஒரு 'பங்க்ஷன்' விடையைத் திருப்பித் தரும். அதை ஒரு பெயரிட்ட இடத்தில் வாங்கி வைக்காவிட்டால், அடுத்த வரியில் அது கிடைக்காது. போட்ட கணக்கு வீண்!

ஓடாத எந்திரம்

பாபேஜின் அந்த எந்திரம் முழுமை பெறவே இல்லை. அடாவின் கணக்கை அது போடவும் இல்லை.

1852 நவம்பர் 27-ந் தேதி, 36 வயதில், புற்றுநோய் அடாவின் உயிரைக் குடித்தது. நினைவு தெரிந்து பார்த்தறியாத தந்தையின் அருகிலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

1979-ல் அமெரிக்க ராணுவத்துறை, தனது புதிய கம்ப்யூட்டர் மொழிக்கு 'அடா' என்று பெயர் சூட்டியது.