ஆண்களை வீட்டுக்குள் பூட்டிய அரசு: யார் இந்த ரொக்கேயா?

தோல் தொழிலுக்குப் பேர்போன மேல்விஷாரத்தில் 1918இல் தொடங்கிய முஸ்லிம் கல்விச் சங்கம் இன்று பெண்களுக்கெனத் தனிக் கல்லூரியே நடத்துகிறது. அந்தச் சங்கம் வருவதற்கும் 13 வருஷம் முன்னாடி, 1905இல், சென்னையிலிருந்து வந்த ஒரு ஆங்கிலப் பெண்கள் பத்திரிகையில் ‘சுல்தானாவின் கனவு’ என்ற சிறுகதை வெளியானது.

கதையில் ஒரு ராணி. எல்லாப் பெண்களும் படிக்கணும், 21 வயதுக்கு முன் கல்யாணம் கூடாது என உத்தரவு போடுகிறார். பிறகு ஒரு போரில் ஆண்கள் தோற்க, படித்த பெண்கள் சூரிய வெப்பத்தைக் குவித்து எதிரியை விரட்டுகிறார்கள். அதற்காக வீட்டுக்குள் அனுப்பப்பட்ட ஆண்கள் அப்புறம் வெளியே வரவே இல்லை. ஊரில் குற்றமும் இல்லை, போலீஸும் இல்லை!

இது சமத்துவமா, பழிவாங்கலா? பலசாலிக்கு எடைகட்டி எல்லோரையும் சமமாக்கும் அரசைப் பற்றி அமெரிக்காவின் கர்ட் வானகட் ‘ஹாரிசன் பெர்கெரான்’ எழுதியது 1961இல்தான். ‘சுல்தானாவின் கனவு’ கதையைப் படித்த எழுத்தாளரின் கணவரே, பயங்கரமான பழிவாங்கல் என்றாராம்.

எழுதியவர் ரொக்கேயா சகாவத் ஹுசைன். 1880இல், இன்றைய வங்கதேசத்தின் ரங்பூர் அருகே பைராபந்தில் பிறந்தவர். பெண்பிள்ளைக்கு வங்காளமும் ஆங்கிலமும் வேண்டாம் என்பது அப்பாவின் முடிவு. வீடு தூங்கிய பிறகு அண்ணன்தான் ரகசியமாகச் சொல்லிக்கொடுத்தார். பாகல்பூரில் மாஜிஸ்திரேட்டாக இருந்த கணவர் வயதில் ரொம்ப மூத்தவர். ஆனால் எழுதச் சொல்லி ஊக்குவித்தவர். 1909இல் அவர் இறந்ததும், அவர் விட்டுப்போன பணத்தில் 5 மாணவிகளோடு பள்ளி தொடங்கினார். சொத்துத் தகராறில் பாகல்பூரை விட்டு வெளியேறி, 1911இல் கல்கத்தாவில் 8 பேரோடு மறுபடி ஆரம்பித்தார்.

கதையில் ராணியின் ஒரு உத்தரவு போதும். நிஜத்தில் வீடு வீடாகப் போய்க் கெஞ்ச வேண்டியிருந்தது. பர்தாவுக்காக பள்ளி பஸ்ஸை முழுசா அடைத்தால், பிள்ளைகள் மூச்சுமுட்டி மயங்கினார்கள், வாந்தி எடுத்தார்கள். ஜன்னலைத் திறந்து திரை போட்டால், காற்றில் திரை பறக்குதேன்னு மிரட்டல் கடிதம் வந்தது! ஆண்களுக்குப் பூட்டு போடும் கதையை எழுதியவர், பிள்ளைகள் படிக்க வந்தால் போதும் என அந்தத் திரைக்கு ஒத்துக்கொண்டார். பின்னாளில் பர்தா கொடுமைகளைத் தனிப் புத்தகமாகவே எழுதினார்.

1932 டிசம்பர் 9இல் இறந்தார். கடைசியாக எழுதிக்கொண்டிருந்தது பெண்களின் உரிமை பற்றிய கட்டுரை. அதை முடிக்கவில்லை. பள்ளி இன்றும் கொல்கத்தாவில் நடக்கிறது.