கடல் சேர நூறு ஆண்டு!

ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே ஒரு தீவு இருக்கிறது. அதன் பெயர் டாஸ்மேனியா. 1803-ல் வெள்ளையர் அங்கே குடியேறத் தொடங்கினார்கள். அப்போது ஆதிவாசிகள் பல ஆயிரம் பேர் அங்கு வாழ்ந்துவந்தார்கள்.

அதை அடுத்த புரூனி தீவில், 1812-ஐ ஒட்டி, ஒரு தலைவனின் மகளாகப் பிறந்தாள் துருகானினி.

இளமையிலேயே அவளை இடிமேல் இடி தாக்கியது. தாய் கொலையுண்டாள். உடன்பிறந்தவளைக் கடல்நாய் வேட்டைக்காரர்கள் தூக்கிச் சென்றார்கள். மணக்க இருந்தவனை மரம் வெட்டிகள் கொன்றார்கள்.

நம்பினாள், மோசம் போனாள்

ஆதிவாசிகளுக்கும் குடியேறியவர்களுக்கும் சண்டை மூண்டது. ராபின்சன் என்ற ஆங்கிலேயர் சமாதானம் பேசப் புறப்பட்டார். அவரோடு போனால் எஞ்சிய தன் மக்களாவது பிழைப்பார்கள் என்று துருகானினி நம்பினாள். கணவன் வூரடியுடன் அவருக்கு வழிகாட்டினாள். 1832-ல் ஆதிவாசிகள் சிலர் ராபின்சனைக் கொல்லத் துரத்தியபோது, நீச்சல் தெரியாத அவரை ஆற்றைக் கடக்க வைத்துக் காப்பாற்றியவளும் அவளே.

பலன் என்ன? சரணடைந்தவர்களைப் பிளிண்டர்ஸ் தீவில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே நோய் அவர்களை வாரிக்கொண்டு போயிற்று. 1847-ல் சிப்பிக்குடா என்ற இடத்துக்குத் திரும்பியவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை!

இதற்கிடையே, ராபின்சனுடன் மெல்போர்ன் பக்கம் சென்ற துருகானினி, 1841-ல் அவரைவிட்டுப் பிரிந்து, எதிர்த்துக் கிளம்பிய கூட்டத்தில் சேர்ந்தாள். திமிங்கில வேட்டைக்காரர் இருவர் கொல்லப்பட்டார்கள். கூட்டத்து ஆண்கள் இருவரும் 1842-ல் தூக்கில் தொங்கினார்கள். பெண்கள் விடுதலையாகித் தீவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

சாவிலும் அச்சம்

1869-ல் அவள் இனத்தவனான வில்லியம் லானி இறந்தான். ஆராய்ச்சி என்ற பெயரில் அவன் உடலைச் சிதைத்தார்கள். அதைக் கண்டு துருகானினி நடுங்கினாள். தன்னை அறுக்காமல் கடலில் சேர்த்துவிடும்படி மன்றாடினாள்.

1876 மே 8-ல் ஹோபார்ட் நகரில் அவள் கண்மூடினாள். மண்ணில் புதைத்தார்கள். இரண்டே ஆண்டில் தோண்டி எடுத்தார்கள்! 1904 முதல் 1947 வரை அவளுடைய எலும்புக்கூடு காட்சிசாலையில் நின்றது.

'கடைசி' என்ற பொய்

டாஸ்மேனியாவின் கடைசி ஆதிவாசி அவளே என்று உலகம் எழுதி வைத்தது. அது உண்மையன்று. பானி காக்ரன் ஸ்மித் என்ற ஆதிவாசி மாது 1905 வரை வாழ்ந்தார். தம் மக்களின் பாடல்களை மெழுகு உருளையில் பாடிப் பதிவு செய்தார். வேட்டைக்காரர்கள் கடத்திச் சென்ற பெண்களின் சந்ததியும் அழியவில்லை. ஆனால், இனமே முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டால் அந்தச் சந்ததி நிலம் கேட்க முடியுமா? முன்னோரின் எலும்பைத்தான் கேட்க முடியுமா?

அவர்கள் விடவில்லை, போராடினார்கள். 1976 ஏப்ரலில் துருகானினியின் எலும்புகள் தகனமாகி, அவள் விரும்பிய கடலில் அஸ்தி கரைந்தது. அவள் இறந்து நூறு ஆண்டு நிறையச் சில நாட்களே இருந்தன. 1995-ல் சட்டப்படி சில நிலங்கள் திரும்பக் கிடைத்தன. சிப்பிக்குடாவும் அவற்றில் ஒன்று. லண்டனில் இருந்த அவளுடைய தலைமுடியும் தோலும் 2002-ல் தாயகம் வந்தன.

கடைசி என்று உலகம் முத்திரை குத்திய அந்தப் பெண்ணுக்கு இறுதிக்கடன் செய்தது, இல்லை என்று சொல்லப்பட்ட அவளுடைய மக்கள்தான்!