ஆல்பாவும் பீட்டாவும் கண்ட அறிஞர்

நாம் அச்சமுறும்போது அட்ரினலின் என்னும் சுரப்புநீர் இரத்தத்தில் கலக்கிறது. உடனே இதயம் விரைந்து துடிக்கிறது. தோலிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தசைகளுக்குச் செல்லும் குழாய்களோ விரிகின்றன. ஒரே சுரப்புநீர் ஓரிடத்தில் குழாயைச் சுருக்கி, மற்றோரிடத்தில் விரிப்பது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை கண்டவர் ரேமண்ட் ஆல்குவிஸ்ட்.

ஆல்குவிஸ்ட் 1914ஆம் ஆண்டு அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பிறந்தார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மருந்தாக்கத் துறையில் பயின்று, 1940இல் முனைவர் பட்டம் பெற்றார். 1944இல் ஜார்ஜியா மாநில மருத்துவக் கல்லூரியில் ஆசிரியரானார்.

அங்கு, கருப்பைத் தசையைத் தளர்த்தும் மருந்து ஒன்றை அவர் தேடினார். அதற்காக அட்ரினலினையும் அதனை ஒத்த சில மருந்துகளையும் விலங்குகளின் இரத்தக் குழாய், இதயம் முதலிய உறுப்புகளில் சோதித்தார். எந்த மருந்துக்கு ஆற்றல் மிகுதி என வரிசைப்படுத்தினார். குழாயைச் சுருக்குவதில் அட்ரினலின் முதலிடம் பெற்றது. ஐசோபிரினலின் கடைசி இடத்தில் நின்றது. குழாயை விரிப்பதிலும் இதயத்தைத் தூண்டுவதிலுமோ ஐசோபிரினலினே முதலிடத்திற்கு வந்தது!

உடலில் தூண்டும் பொருள் ஒன்றும் தளர்த்தும் பொருள் ஒன்றும் உருவாகின்றன என்பதே அக்கால அறிஞர்களின் கருத்து. ஆல்குவிஸ்டோ வேறுபாடு பொருளில் இல்லை, அதனை ஏற்கும் இடத்தில்தான் உள்ளது எனக் கண்டார். பூட்டுக்கேற்ற சாவிபோல் மருந்து பொருந்தும் அவ்விடமே ஏற்பி. அதன் இரு வகைகளுக்கும் ஆல்பா, பீட்டா எனப் பெயரிட்டார். இரத்தக் குழாயில் ஆல்பா தூண்டப்பட்டால் குழாய் சுருங்கும். பீட்டா தூண்டப்பட்டால் விரியும்.

அவரது கட்டுரையை முதலில் ஓர் ஆய்விதழ் ஏற்க மறுத்தது. 1948இல் வேறோர் இதழில் வெளிவந்த பின்னரும், அதனைப் பலர் பொருட்படுத்தவில்லை. எனினும், ஆல்குவிஸ்ட் தம் கருத்தைக் கைவிடவில்லை. 1954இல் மருந்தியல் பாடநூல் ஒன்றில் அதனை விளக்கி எழுதினார்.

அப்பகுதியைப் படித்துப் பயன்பெற்றவர் ஜேம்ஸ் பிளாக். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இவர், முன்னர்ச் சிங்கப்பூரில் மருத்துவ மாணவர்களுக்கு விரிவுரையாளராக இருந்தவர். இதயத்தின் பீட்டா ஏற்பியை அடைத்துவிட்டால் அதன் வேலைப்பளு குறையும் என்று அவர் எண்ணினார். அதன் பயனாக, 1960களில் புரோபிரனலால் என்னும் மருந்து உருவானது. நெஞ்சுவலியால் துன்புற்ற எண்ணற்ற நோயாளிகளுக்கு அது நிவாரணம் தந்தது.

1976இல் இருவருக்கும் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது. ஆல்குவிஸ்ட் 1983இல் மறைந்தார். ஒருகாலத்தில் புறக்கணிக்கப்பட்ட அவரது ஆய்வு, இன்று மருத்துவ மாணவர் அனைவரும் கற்கும் அடிப்படைப் பாடமாக விளங்குகிறது.