அதிபராகாமல் போன துணை அதிபர்

பனிப்போர் எங்கே தொடங்கியது என்று கேட்டால் யால்டா, போட்ஸ்டாம், பெர்லின் என்று இடங்களைச் சொல்வது வழக்கம். அந்தப் பட்டியலில் 1944 ஜூலையில் சிகாகோவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டையும் நான் சேர்ப்பேன். துணை அதிபர் வேட்பாளருக்கான முதல் சுற்று வாக்கெடுப்பில், அப்பதவியில் அப்போது இருந்த ஹென்றி வாலஸே முன்னிலை பெற்றார். அடுத்த சுற்றில், கட்சித் தலைவர்களின் காய்நகர்த்தலால் ஹாரி ட்ரூமன் வென்றார். 1945 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் மறைந்தபோது, அதிபர் பதவியும் அணுகுண்டும் ட்ரூமன் கைக்குச் சென்றன.

வாலஸ் 1888இல் அயோவா மாநிலத்தில் பிறந்தவர். தந்தை அமெரிக்க வேளாண் அமைச்சராக இருந்தவர். 1933இல் மகனும் அதே பதவிக்கு வந்தார். அதற்கு முன்பே, 1926இல், கலப்பின மக்காச்சோள விதை நிறுவனம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். 1940இல் மெக்சிகோ சென்று அங்குள்ள உழவர்களின் மிகக் குறைந்த விளைச்சலைக் கண்டவர், ராக்ஃபெல்லர் அறக்கட்டளையிடம் அதுபற்றிப் பேசினார். மனிதர்களைவிட விதைகளை நன்கு அறிந்தவர் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அதற்குச் சான்று 1944 மே மாதத்து சைபீரியப் பயணம். மகதானில் அவரை உபசரித்தவர் சோவியத் ரகசியக் காவல் துறையின் அதிகாரி. காவல் கோபுரங்கள் இறக்கப்பட்டிருந்தன. கைதிகள் கண்ணில் படாமல் மறைக்கப்பட்டிருந்தனர். கடைகள் பொருள்களால் நிரப்பப்பட்டிருந்தன. ஸ்டாலினின் மிகக் கொடிய கட்டாய உழைப்பு முகாம்களின் நடுவே நின்ற வாலஸ், அங்கே உற்சாகமான உழைப்பாளிகளையே கண்டார். அவரைப் போற்றுவோர் இந்தப் பக்கத்தைத் தாண்டிச் செல்கிறார்கள். தூற்றுவோர் இதற்கு மேல் படிப்பதில்லை.

படிக்க வேண்டியது 1946. வணிக அமைச்சராக இருந்த வாலஸ், ஜூலையில் ட்ரூமனுக்கு நீண்ட கடிதம் எழுதினார். பிகினி தீவில் அணுகுண்டுச் சோதனை, நெடுந்தூரக் குண்டுவீச்சு விமானங்கள், கடல் கடந்த ராணுவத் தளங்கள் ஆகியவை மாஸ்கோவின் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். வாஷிங்டனில் அன்று கேட்கப்பட்டே ஆகவேண்டிய கேள்வி அது. செப்டம்பர் 12 அன்று நியூயார்க்கில் அதையே பொதுமேடையில் பேசினார். ரஷ்யாவைக் குறைகூறிய இடங்களில் கூட்டத்திலிருந்த கம்யூனிஸ்டுகள் சீறினார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பேச்சுக்கு முன்கூட்டியே ஒப்புதல் தந்ததாகச் செய்தியாளர்களிடம் சொன்ன ட்ரூமன், பாரிஸில் இருந்த வெளியுறவு அமைச்சர் பர்ன்ஸ் கொதித்தெழுந்ததும் பின்வாங்கினார். எட்டே நாட்களில் வாலஸ் பதவி இழந்தார். மறுஆண்டு மார்ச்சில் கிரீஸுக்கும் துருக்கிக்கும் 40 கோடி டாலர் உதவி கோரி ட்ரூமன் நாடாளுமன்றத்தில் பேசியபோது, அமைச்சரவைக்குள் மாற்றுக் குரல் எழுப்ப வாலஸ் இல்லை.

எதிராளியின் அச்சத்தை அறிய முயன்றவர், அந்த எதிராளியின் பிடியில் சிக்கியவர்களின் அச்சத்தை அறியவில்லை. கிழக்கு ஐரோப்பாவை மாஸ்கோவின் செல்வாக்கு வட்டமாக ஏற்றுக்கொண்டால் போலந்து மக்களின் கதி என்ன என்பதற்கு அவரிடம் விடையில்லை. 1948 பிப்ரவரியில் செக்கோஸ்லோவாகியா கம்யூனிஸ்டுகள் வசமானபோதும் அவர் பழியை அமெரிக்கக் கொள்கையின் மீதே சுமத்தினார்.

அந்த ஆண்டு முற்போக்குக் கட்சியின் சார்பில் அதிபர் தேர்தலில் நின்றார். இனவாரியாகப் பிரித்து அமரவைக்கும் அரங்குகளில் பேச மறுத்ததால், தெற்கு மாநிலங்களில் அவர்மீது முட்டையும் தக்காளியும் வீசப்பட்டன. கிடைத்தது 2.4 சதவீத வாக்கு. 1950இல் கொரியப் போரில் ட்ரூமனை ஆதரித்துக் கட்சியைவிட்டு விலகினார். 1952இல் சோவியத் ஆட்சியைத் தவறாகக் கணித்ததாக எழுதினார். பிறகு நியூயார்க் மாநிலத்துப் பண்ணையில் கோழிகளும் ஸ்ட்ராபெரிச் செடிகளுமாக வாழ்ந்து, 1965 நவம்பரில் மறைந்தார்.

மெக்சிகோவில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை தொடங்கிய ஆய்வுத் திட்டத்தில்தான் நார்மன் போர்லாக் குட்டைக் கோதுமை ரகங்களை உருவாக்கினார். வாலஸ் மறைந்த மறுஆண்டு அந்த விதை 18,000 டன் இந்தியா வந்தது. 1968இல் அமெரிக்க உதவி நிறுவனத்தின் தலைவர் வில்லியம் காட், சோவியத்தின் சிவப்புப் புரட்சிக்கு மாற்றாக அதற்குப் பசுமைப் புரட்சி என்று பெயரிட்டார்.